டிராக்டர் நோட்டுக்கு லட்சம் கிடைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரூர் வெங்கமேட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் 31 ஆண்டுகள் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய காசு சேர்ப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே இருக்கும் பழக்கம். உங்கள் நாளிதழை அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். காலையில் நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைப்பவர். போன மாசி மாதம் நான் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்கண்ணா, டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூவா நோட்டு ஒண்ணு இருக்குதுங்க. அது காசாவுமா?" என்று கேட்டார். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில், "பழசுக்கு ஏதாவது மதிப்பு இருக்கும்மா, நான் ஊருக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியை அவர் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார். காசு சேர்ப்பவர் வாயிலிருந்து வந்த வார்த்தை ஆயிற்றே.

ஒன்பது நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது 37,650 ரூபாய் போயிருந்தது.

நடந்தது இதுதான். அந்த அம்மா தன் போன் நம்பரை ஏதோ ஒரு தளத்தில் பதிவு செய்திருக்கிறார். உடனே வாட்ஸப்பில் ஒருவன் வந்தான். நோட்டின் படத்தைக் கேட்டான், பார்த்துவிட்டு 11 லட்சம் என்றான். ரிசர்வ் வங்கிச் சின்னம் போட்ட ஓர் அடையாள அட்டையும் முத்திரை குத்திய ஒரு கடிதமும் அனுப்பினான். பதிவுக் கட்டணம் என்று முதலில் 1,150. அப்புறம் ஜி.எஸ்.டி. என்று 6,500. ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம் 12,000. கடைசியில் வருமான வரி 18,000. அந்தக் கடைசிப் பணத்துக்கு முன்பு ஒரு வீடியோ வந்தது. ஒரு பெட்டி நிறையக் கட்டுக்கட்டாக நோட்டு, அதன் மேல் அந்த அம்மாவின் பெயர் எழுதிய சீட்டு. அதைப் பார்த்துத்தான் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். 'உங்கள் வீட்டில் இந்த 5 ரூபாய் நோட்டு இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!' என்று ஒரு செய்தி. எந்தத் தளத்தில் பதிய வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கம். மேலே உங்கள் நாளிதழின் பெயர். எனக்குக் கை நடுங்கிவிட்டது ஐயா. வேறு யாரோ எழுதியிருந்தால் அந்த அம்மா நம்பியிருக்க மாட்டார். "நம்ம பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த டிராக்டர் நோட்டு மகாத்மா காந்தி வரிசையில் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. இன்றும் செல்லுபடியாகும், அதன் மதிப்பு ஐந்து ரூபாய். வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயமும் அப்படித்தான், மக்கள் புழக்கத்துக்காக அடித்த காசு. 786 என்ற ராசி எண்ணில் முடியும் நோட்டை ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் லட்சம் கொடுப்பவர் யாரும் இல்லை. ஆன்லைனில் ஒருவர் தன் நோட்டுக்கு 5 லட்சம் என்று விலை போட்டுவிட்டால் அது 5 லட்சத்துக்கு விற்றதாக ஆகிவிடாது. போட்ட விலை வேறு, போன விலை வேறு. அந்த வித்தியாசத்தை விசாரிக்காமலே செய்தி எழுதப்படுகிறது.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றித் தெளிவாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தன் பெயரையும் சின்னத்தையும் போலியாகப் பயன்படுத்தி, பழைய நோட்டு, காசு விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி என்று சிலர் பணம் பறிக்கிறார்கள், இத்தகைய விற்பனை எதிலும் ரிசர்வ் வங்கிக்குச் சம்பந்தமே இல்லை, அது யாரிடமும் இதற்காகக் கட்டணம் கேட்பதில்லை என்றது அந்த அறிவிப்பு. லட்சாதிபதி செய்தியின் அடியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தோடு இன்று அவர் காதில் இருந்திருக்கும்.

நோட்டோடு இது முடியவில்லை. 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஹாஃப் அணா' என்று ஆங்கிலத்தில் எழுதி, மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவம் போட்ட செப்புக்காசு ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கம்பெனியின் காசுகள் ஒரே சீராக அடிக்கப்பட்டது 1835 நாணயச் சட்டத்துக்குப் பிறகு. சாமி உருவம் போட்ட கம்பெனிக் காசு உண்டா என்றால் உண்டு. சென்னையில் 'மூன்று சுவாமி பகோடா' என்று பெருமாளையும் இரு தேவியரையும் போட்டுத் தங்கத்தில் அடித்தார்கள். அது கைவிரல் நகம் அளவு சின்னக் காசு. அதைக் கேள்விப்பட்ட யாரோ ஒருவர் ராமர் காசும் உண்மையாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார். இந்தக் காசு அரிசியை இழுக்கும் என்று அடுத்த கதை. இரிடியம் மோசடி, ரைஸ் புல்லிங் என்ற இந்த அரிசி இழுக்கும் மோசடி என்று போலீஸ் எத்தனை பேரைக் கைது செய்தாலும் அது நிற்கவில்லை. அரிசியோடு இரும்புத்தூளைக் கலந்து வைத்தால் காந்தம் இழுக்கத்தான் செய்யும். இதற்காகப் பத்து லட்சம், இருபது லட்சம் கொடுத்து நிலத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன் என்பதை மறைக்க மாட்டேன். வாட்ஸப் குழு ஒன்றில் நடந்த ஏலத்தில் 1939-ஆம் வருடத்து, ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபாய்க் காசு வந்தது. காசு சேர்ப்பவர்களுக்கு அந்த வருடத்தின் பெயர் தெரியும், கிடைப்பது அவ்வளவு அரிது. இரவு பத்தரை மணி. 'இன்னும் ஐந்து நிமிடம்தான், இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள்' என்று செய்தி. 6,000 ரூபாய் அனுப்பினேன். அந்த வருடக் காசு அசலாக இருந்தால் அந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். காசு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடைசி 9 மட்டும் மற்ற எழுத்துகளைப் போல உலோகத்திலிருந்து எழும்பி நிற்கவில்லை, அதைச் சுற்றிச் சுரண்டிய தடம். 1938-இன் கடைசி எழுத்தைச் செதுக்கி 9 ஆக்கியிருக்கிறார்கள். வெள்ளி அசல், எடை அசல், வருடம் மட்டும் பொய். விற்றவரின் போன் அன்றிரவே அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன். காசு மட்டும் அல்ல, பழைய கேமரா, ரேடியோ, கடிகாரம், தபால்தலை எது வாங்குபவருக்கும் கொஞ்சம் உதவும்.

விற்பவர் அனுப்பும் படத்தை நான் நம்புவதில்லை. வீடியோ கேட்பேன். ஒரு தாளில் அன்றைய தேதியையும் என் பெயரையும் எழுதிக் காசுக்குப் பக்கத்தில் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் காட்டி, அப்படியே எடை போட்டுக் காட்டச் சொல்வேன். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. கையில் இல்லாதவர்தான் கோபப்படுவார். வேறு ஒருவர் எப்போதோ போட்ட படத்தை எடுத்து விற்பனைக்குப் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் பல நேரம் அதே படம் நாலு ஊரில், நாலு விலையில் கிடக்கும்.

எடை பொய் சொல்லாது. விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரையிலான வெள்ளி ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-லிருந்து 1945 வரை எடை அதேதான், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வந்த புலி போட்ட ஒரு ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதை வெள்ளி என்று சொல்லி விற்கிறார்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். அதே தராசில் தண்ணீர்ச் சோதனையும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டு, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். 1939 வரையிலான வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 கிராமை ஒட்டிக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி அதே எடையில் இருந்தால் 1.3-க்கு மேல் போகும். தேய்மானத்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். என்னை ஏமாற்றிய 1939 இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தராசுக்குப் பிறகு லென்ஸும் வேண்டும்.

இன்னொன்று, பளபளப்பு. வீட்டில் கிடைத்த பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். தேய்த்த காசின் மதிப்பு அங்கேயே போய்விடுகிறது. வயிறு எரியும். விற்க நினைப்பவர்கள் தயவுசெய்து காசை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்தாலே போதும்.

விற்கும்போது வரும் ஆபத்து வேறு மாதிரி. சென்ற ஆண்டு என்னிடம் கூடுதலாக இருந்த, 1944-ஆம் வருடத்து ஒரு ரூபாய்க் காசுகள் ஐந்தை ஒரு தளத்தில் விற்பனைக்குப் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். தான் துணை ராணுவத்தில் இருப்பதாகவும், விமான நிலையத்தில் பணி என்றும், வெளியே வர முடியாது என்றும் சொல்லி, சீருடையில் ஒரு படமும் அடையாள அட்டையும் அனுப்பினார். விலையில் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை. எனக்கு அங்கேதான் உறைத்தது. 1944-ஐ வாங்க வரும் சேகரிப்பாளர் முதலில் கேட்பது "பம்பாயா, லாகூரா?" என்றுதான் இருக்கும். இரண்டு ஊரிலும் அடித்த காசு அது, லாகூர் என்றால் சின்னதாக ஓர் எல் எழுத்து இருக்கும். அடுத்து விளிம்பைக் கேட்பார், தேய்மானம் கேட்பார், இன்னும் இரண்டு படம் அனுப்புங்கள் என்பார், கடைசியில் விலையைக் குறைக்கச் சொல்வார். இவர் எதையுமே கேட்கவில்லை. க்யூஆர் படம் ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போட்டால் பணம் உங்கள் கணக்கில் வந்துவிடும்" என்றார்.

பணம் நம் கணக்குக்கு வர, பின் நம்பர் என்ற ரகசிய எண் தேவையே இல்லை. இதை வீட்டில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்து பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும், உள்ளே வராது. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் க்யூஆர் இருக்கிறது, பணம் அனுப்பியதாகப் போலியாகத் தயாரித்த ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தி இருக்கிறது. 'தவறுதலாகக் கூட அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று கெஞ்சுவார்கள். நான் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே காசைப் பொட்டலம் கட்டுவேன். உதவி செய்கிறேன் என்று சொல்லி ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துவிடுவேன், நம் திரையை அங்கிருந்தே பார்க்கும் வேலை அது.

பொட்டலம் என்றதும் என் தொழில் புத்தி வருகிறது. காசைத் தனித்தனியாக அட்டை மடிப்பில் வைத்து, குலுக்கினால் சத்தம் வராமல் கட்ட வேண்டும். சத்தம் வந்தால் உள்ளே காசு இருப்பது வழியிலேயே தெரிந்துவிடும். வெளியே 'நாணயம்' என்று எழுதக் கூடாது. கட்டுவதிலிருந்து தபால் நிலைய ரசீது வரை போனில் வீடியோ எடுத்துவிடுவேன், இன்ஷூர் செய்துதான் அனுப்புவேன். வாங்கும்போதும் அப்படித்தான், பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே கேமராவை ஓட விடுவேன். 'காலி டப்பா வந்தது' என்று யார் சொன்னாலும் அந்த வீடியோதான் பேசும். நேரில் கொடுத்து வாங்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரச் சொல்ல மாட்டேன். வீட்டில் என்ன சேர்த்து வைத்திருக்கிறோம் என்று முகம் தெரியாதவருக்கு எதற்குக் காட்ட வேண்டும்? வங்கி வாசல், பகல் நேரம், கூட ஒரு நண்பர்.

கரூர்க்காரன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த ஊர் இது. அதைச் சொல்லியே 'ஆற்றில் எடுத்தது' என்று விற்க வருகிறார்கள். பெரும்பாலும் அச்சில் வார்த்த போலி. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள், எழுத்து மழுங்கல், இவை காட்டிக் கொடுத்துவிடும். ராஜராஜ சோழன் பெயர் போட்ட செப்புக்காசிலும் இதே கதை. சரி, அசலாகவே இருந்தால்? அப்போதுதான் இன்னும் யோசிக்க வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 100 ஆண்டு தாண்டிய காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. 'துபாயிலிருந்து வாங்க ஆள் இருக்கிறார்' என்று எவராவது சொன்னால் அது மோசடி, அல்லது குற்றம். இரண்டில் எதிலும் நாம் இருக்கக் கூடாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் தெரு அம்மா நான் திரும்பி வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். வீட்டுக்காரர் திட்டுவார் என்ற பயம். நான்தான் உட்கார வைத்து அழைக்கச் செய்தேன், சைபர் குற்றப் பிரிவில் எழுத்திலும் கொடுத்தோம். அதற்குள் பணம் எத்தனையோ கை மாறிவிட்டது. ஏமாந்தவரைப் பார்த்து 'உனக்கு எதற்கு இந்தப் பேராசை' என்று கேட்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன். மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் கட்ட நினைத்த ஒருவரின் ஆசைக்குப் பேராசை என்று பெயர் கிடையாது.

ஆசிரியர் அவர்களே, தமிழ்ப் பத்திரிகைக்கும் பழங்காசுக்கும் உள்ள உறவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்ககாலப் பாண்டியர் காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதைக் கண்டு சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தி, தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பழைய செப்புத் துண்டு ஒன்றை எடுத்து வைத்து, அதில் ஓர் அரசனின் பெயரைப் படித்துக் காட்டியவர் ஒரு பத்திரிகைக்காரர். என்னைப் போன்றவர்கள் காசைக் கையில் எடுத்ததற்கு அப்படிப்பட்டவர்கள்தான் காரணம். அந்த மரபு இருக்கும் மொழியில் 'இந்தக் காசு இருந்தால் லட்சாதிபதி' என்று எழுதுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பழைய காசைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிறைய எழுதுங்கள். விலையைப் பற்றி எழுதினால், உண்மையில் ஏலத்தில் போன விலையைக் கேட்டு எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கையையும் 1930 என்ற எண்ணையும் ஒவ்வொரு முறையும் அடியில் சேருங்கள். கரூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி, அங்கே இருக்கும் காசுகளைப் படம் எடுத்துப் போடுங்கள். கூட வந்து விளக்கம் சொல்ல நான் தயார், ஒரு பைசா வேண்டாம்.

அந்தப் பழைய செய்தி இன்னும் உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. நேற்று இரவும் தேடிப் பார்த்தேன், முதலில் அதுதான் வருகிறது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
வெங்கமேடு, கரூர்.